ஒரே தடவை காசு கட்டி வாங்கும் செயலிகள்: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கைப்பேசிச் செயலிகளைப் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள்தான் அடிக்கடி காதில் விழும். "எல்லாம்தான் சும்மா கிடைக்குதே, எதுக்குக் காசு?" என்பது ஒன்று. "ஒரு தடவை கட்டிட்டா ஆயுசுக்கும் நம்மளுது" என்பது மற்றது. இரண்டிலும் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நம்பி, பத்து வெள்ளியில், அதாவது பத்து ரிங்கிட்டில், முடிய வேண்டிய காரியத்துக்கு வாராவாரம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். சின்னத் தொகை கொடுத்தால் தீர்ந்துவிடும் தொல்லையை வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

பிளே ஸ்டோரில் செயலியை இறக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது என்பவர்களுக்காக எழுதுகிறேன். தொழில்நுட்பப் படிப்பு எதுவும் தேவையில்லை.

சைக்கிளும் பள்ளி வேனும்

தோட்டத்திலிருந்து பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளை போய்வர இரண்டு வழி உண்டு. ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாம். இல்லையென்றால் வேனுக்கு மாதாமாதம் கட்டலாம். சைக்கிளை விற்றதோடு கடைக்காரரின் வேலை முடிந்தது. அப்புறம் மிதிப்பது பிள்ளை. அதனால்தான் அதற்கு ஒரே விலை. வேன்காரர் கதை வேறு. தினமும் விடியுமுன் எழ வேண்டும், எண்ணெய் ஊற்ற வேண்டும், சாலை வரி, காப்புறுதி எல்லாம் கட்ட வேண்டும். "நூறு வெள்ளி மட்டும் கொடுங்க, ஆறாம் ஆண்டு முடியிற வரைக்கும் ஏத்திட்டுப் போறேன்" என்று ஒரு வேன்காரர் சொன்னால் நாம் சந்தோஷப்பட மாட்டோம், சந்தேகப்படுவோம்.

செயலிகளிலும் சைக்கிள் வகை உண்டு, வேன் வகை உண்டு. ஒரே தடவை விலை கொடுத்து வாங்குவது சைக்கிள் வகைக்குத்தான் சரிவரும்.

வேலை எங்கே நடக்கிறது?

ஒரு செயலி எந்த வகை என்று கண்டுபிடிக்க, அதன் வேலை எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மெமரி கார்டில் ஏற்றி வைத்த பாட்டைப் போடும் செயலியின் முழு வேலையும் உங்கள் கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறது. பேட்டரி உங்களுடையது, சிப் உங்களுடையது. நீங்கள் பத்துப் பாட்டு கேட்டாலும் பத்தாயிரம் பாட்டு கேட்டாலும் செயலியை எழுதியவருக்கு ஒரு காசு கூடுதல் செலவு கிடையாது.

படங்களை இணையத்தில் சேமித்து வைக்கும் செயலி அப்படியில்லை. உங்கள் படங்கள் எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் கிடக்கின்றன. சர்வர் என்பது இரவு பகலாக ஓடிக்கொண்டு, நம் கைப்பேசி கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணினி. அதற்கு மின்சாரம் வேண்டும், குளிரூட்டி வேண்டும், பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். படம் அங்கே இருக்கும் வரை செலவும் இருக்கும். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் பெரும்பாலும் இந்த வகைதான். ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ ஒரு சர்வர் உழைக்கிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். கைப்பேசியில் ஃபிளைட் மோட் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கட்டும். இப்போது செயலியைத் திறந்து, நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள். வேலை முடிந்தால் அது சைக்கிள் வகை. சுற்றிக்கொண்டே நின்றால் வேன் வகை. செம்பனைத் தோட்டத்துக்குள் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. லைன் கிடைக்காத இடத்தில் எது ஓடும், எது ஓடாது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

விதிவிலக்குகளும் உண்டு. சுவிட்சர்லாந்தில் உருவான திரீமா என்ற செய்திச் செயலிக்குச் சர்வர் உண்டு. ஆனாலும் தனியாட்கள் ஒரே தடவை விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த நிறுவனம் கம்பெனிகளுக்குத் தனிப் பதிப்பை ஆளுக்கு இவ்வளவு என்று சந்தாவில் விற்கிறது, அந்த வருமானம் கைகொடுக்கிறது. மறுபக்கம், கைப்பேசிக்குள்ளேயே முடியும் வேலைக்கு வாரச் சந்தா கேட்கும் செயலிகளும் ஏராளம். அவற்றைப் பற்றிக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

ஆக, வேலை உங்கள் கைப்பேசிக்குள் நடந்தால் ஒரே தடவை விலை நியாயம். வேறு எங்கோ தினமும் நடந்தால், அந்தச் செலவை யாரோ ஒருவர் தொடர்ந்து கட்டியே ஆக வேண்டும்.

இலவசம் என்றால் யார் கட்டுகிறார்கள்?

பஞ்சாங்கச் செயலியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் பெரியவர் காலையில் பசியாறுவதற்கு முன்பே ராகு காலம் பார்க்கத் திறக்கிறார். திறந்ததும் திரை முழுக்க ஒரு விளம்பரம். மூடும் பொத்தான் மூலையில் கடுகளவுக்கு இருக்கிறது. விரல் தவறிப் பட்டால் வேறு ஏதோ செயலியை இறக்கச் சொல்லும் பக்கத்துக்குப் போய்விடுகிறது. திரும்பி வந்து தேதியைத் தட்டினால் இன்னொரு விளம்பரம்.

அந்த ஒரு நொடியில் உள்ளே நடப்பது இதுதான். செயலி திறந்தவுடன் ஒரு விளம்பர நிறுவனத்தின் சர்வருக்குத் தகவல் போகிறது: இந்த வகைக் கைப்பேசி, இந்த நாடு, இந்த மொழி, அத்துடன் இந்த விளம்பர அடையாள எண். விளம்பர அடையாள எண் என்பது ஒவ்வொரு கைப்பேசிக்கும் தரப்பட்டிருக்கும் நீண்ட குறியீடு. அதை வைத்து, நீங்கள் பல செயலிகளில் என்னென்ன பார்க்கிறீர்கள் என்று கோத்துப் பார்க்க முடியும். அந்தத் தகவலைப் பார்த்து விளம்பரதாரர்களின் கணினிகள் ஏலம் கேட்கின்றன. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் உங்கள் திரைக்கு வருகிறது. ஒரு நொடிகூட ஆகாது. செயலிக்காரருக்கு அதில் கிடைப்பது மிகச் சிறிய தொகை. அதனால்தான் ஒரு விளம்பரத்தோடு விடாமல் அடுத்தடுத்துக் காட்டுகிறார்கள். அந்த வீடியோ விளம்பரத்தை இறக்கும் டேட்டாவோ உங்கள் டாப் அப் காசு.

இந்த மாதிரிச் செயலிகள் பலவற்றில் விளம்பரத்தை நீக்க ஒரு சிறு தொகை கேட்பார்கள். தினமும் திறக்கும் செயலி என்றால், அதுவும் கண் மங்கலான பெரியவர் பயன்படுத்துவது என்றால், தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ராகு காலம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. ஈப்போ பக்கம் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. செயலி சென்னையை வைத்தே கணக்குப் போட்டால் இங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் தவறும். ஊரை மாற்ற வசதி இல்லாத பஞ்சாங்கத்துக்கு விளம்பரம் நீக்கியும் பயனில்லை.

எல்லா இலவசமும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். வீடியோ பார்க்கும் விஎல்சி, லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்றால் நடத்தப்படுகிறது, விளம்பரமே கிடையாது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் தமிழ் விசைப்பலகை இலவசம்தான். வாகன ஓட்டும் உரிமத்தையும் சாலை வரியையும் காட்டும் மைஜேபிஜே செயலிக்கு அரசாங்கம் செலவு செய்கிறது. வங்கிச் செயலிக்கு வங்கி செலவு செய்கிறது. செலவு யார் தலையில் என்று தெளிவாகத் தெரிகிற இலவசத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

காசு கேட்கும் மூன்று விதங்கள்

முதலாவது, இறக்கும்போதே விலை. பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ, இறக்கும் பொத்தானிலேயே ரிங்கிட் எண்ணிக்கை போட்டிருக்கும். கட்டினால்தான் இறங்கும்.

இரண்டாவது, செயலிக்குள் வாங்குதல். செயலி இலவசமாக இறங்கும். உள்ளே போனபின் கூடுதல் வசதிக்கு விலை சொல்லும். ஆண்ட்ராய்டில் இந்த முறை இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பிளே ஸ்டோரில் ஒரு செயலியை ஒருமுறை இலவசமாக வெளியிட்டுவிட்டால், பிறகு அதே செயலியை விலைக்கு மாற்ற முடியாது என்பது கூகளின் விதி. அதனால் உள்ளே பூட்டுப் போட்டு, அந்தப் பூட்டைத் திறக்க விலை வைக்கிறார்கள். இதிலேயே இரண்டு வகை இருப்பதைக் கவனியுங்கள். விளம்பர நீக்கம் போல நிலைத்து நிற்கும் பொருள் ஒன்று. விளையாட்டில் வாங்கும் வைரம், காசு போலத் தீர்ந்துபோகும் பொருள் மற்றது. மொபைல் லெஜண்ட்ஸ் வைரத்துக்குப் பையன் இருபது வெள்ளி கேட்கிறான் என்றால், அது தீர்ந்ததும் மறுபடி கேட்பான். மைன்கிராஃப்ட் வாங்கக் கேட்டால் கதை வேறு. விளையாட்டையே விலைக்கு வாங்கிவிடுகிறீர்கள். அதற்குள்ளும் கூடுதல் பொருள் விற்கும் கடை உண்டுதான், ஆனால் அந்தப் பக்கம் போகாமலே முழுவதையும் விளையாடலாம்.

மூன்றாவது, சந்தா. வாரமோ மாதமோ வருடமோ, நீங்கள் நிறுத்தும் வரை தானாகவே காசு பிடித்துக்கொண்டிருக்கும்.

அதிகக் குழப்பமும் அதிக நட்டமும் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்தான். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், பள்ளிப் பாரத்துக்காகப் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை ஸ்கேன் செய்ய ஒரு செயலியை இறக்கினார். மூன்று நாள் இலவசம் என்று போட்டிருந்தது. அட்டை எண்ணைக் கேட்டது, கொடுத்தார். வேலை முடிந்ததும் செயலியை அழித்தார். அழித்தால் கணக்கும் முடிந்தது என்றுதான் யாருமே நினைப்போம். ஆனால் செயலியை அழித்தாலும் சந்தா நிற்காது. வாரம் 14.90 ரிங்கிட் போய்க்கொண்டே இருந்தது. மகன் வங்கிச் செயலியில் கணக்கைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வாரம் என்பதால் சின்னத் தொகையாகத் தெரிகிறது. 52 வாரத்துக்குப் பெருக்கினால் 774.80 ரிங்கிட். இன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் கிட்டத்தட்ட பாதி.

இன்னும் வருத்தம் என்னவென்றால், அந்த வேலைக்குச் செயலியே தேவையில்லை. ஐபோனில் நோட்ஸ் செயலிக்குள்ளேயே ஸ்கேன் செய்யும் வசதி 2017 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகள் டிரைவுக்குள் இருக்கிறது. டார்ச் லைட், கியூஆர் குறி படிப்பது, திசைகாட்டி இவற்றுக்கெல்லாம் யாராவது காசு கேட்டால் முதலில் கைப்பேசியிலேயே தேடிப் பாருங்கள்.

சந்தாவை நிறுத்தும் இடம்: ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தட்டினால் கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதி வரும். ஐபோனில் செட்டிங்ஸ் போய், மேலே உங்கள் பெயரைத் தட்டினால் சந்தாக்கள் தெரியும். இதைப் படிக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மறந்துபோன ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம்.

வாங்கியது கைப்பேசிக்கா, உங்களுக்கா?

கைப்பேசி உடைந்தால் வாங்கிய செயலியும் போச்சு என்று பயந்தே பலர் வாங்குவதில்லை. அந்தப் பயம் தேவையில்லை. வாங்கியது உங்கள் கூகள் கணக்கிலோ ஆப்பிள் கணக்கிலோ பதிவாகிறது. புதுக் கைப்பேசியில் அதே கணக்கில் நுழைந்தால் மறுபடி காசில்லாமல் இறக்கலாம். செயலிக்குள் வாங்கியதென்றால், வாங்கியதை மீட்டெடுக்கும் பொத்தான் ஒன்று செட்டிங்ஸில் இருக்கும். அதைத் தட்ட வேண்டும். தீர்ந்துபோகும் வகை மட்டும் இப்படித் திரும்ப வராது.

ஆண்ட்ராய்டில் வாங்கியது ஐபோனுக்கு வராது, அங்கே மறுபடி வாங்க வேண்டும். நம் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கைப்பேசி வாங்கும்போது கடைக்காரத் தம்பியே ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுவார். கடவுச்சொல் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அடுத்த கைப்பேசிக்கு இன்னொரு புதுக் கணக்கு. இப்படி இருந்தால் வாங்கியது எல்லாம் பழைய கணக்கோடு நின்றுவிடும். செயலிக்குக் காசு கட்டுவதற்கு முன் உங்கள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுசுக்கும் என்றால் யாருடைய ஆயுசு?

பிள்ளைக்கு வாங்கிய சைக்கிள் அப்படியே இருந்தாலும், பாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் அது ஓடாது. கைப்பேசியில் அந்தப் பாதைதான் இயங்குதளம். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் போல, எல்லாச் செயலிகளும் எதன் மேல் ஓடுகின்றனவோ அந்த அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படுகிறது. செயலிக்காரர் அதற்கேற்பத் தன் செயலியைத் திருத்தாவிட்டால் ஒருநாள் அது நின்றுபோகும். 2017ல் ஐஓஎஸ் 11 வந்தபோது, 32 பிட் என்ற பழைய முறையில் எழுதப்பட்ட செயலிகள் அனைத்தும் ஒரேயடியாக ஓடாமல் போயின. காசு கொடுத்து வாங்கியவை, சும்மா கிடைத்தவை என்ற வேறுபாடெல்லாம் அங்கே கிடையாது.

செயலிக்காரர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். நீங்கள் பத்து ரிங்கிட் கட்டினால், சிறிய செயலிக்காரர்களிடம் ஆப்பிளும் கூகளும் பொதுவாக 15 விழுக்காடு எடுத்துக்கொள்கின்றன. வரியை விட்டுவிட்டால் அவர் கைக்கு எட்டரை ரிங்கிட். அதன்பிறகு உங்களிடமிருந்து அவருக்கு வருமானமே கிடையாது. ஆனால் வருடாவருடம் உங்களுக்காகச் செயலியைத் திருத்தித் தர வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் வந்துகொண்டிருக்கும் வரை அந்தக் காசில் பழையவர்களுக்கும் சேர்த்து வேலை பார்ப்பார். வரத்து குறைந்ததும், செயலியைக் கைவிட வேண்டும், விற்க வேண்டும், அல்லது சந்தாவுக்கு மாற வேண்டும். 2016ல் ஆப்பிள் எல்லா வகைச் செயலிகளுக்கும் சந்தாவைத் திறந்துவிட்ட பிறகு, பலர் அந்தப் பக்கம் போனது இதனால்தான். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் ஏற்கெனவே விலை கொடுத்தவர்களிடம் வாங்கியதைப் பறிப்பது தவறு. நோட்டபிலிட்டி என்ற குறிப்பெழுதும் செயலி 2021 நவம்பரில் சந்தாவுக்கு மாறியபோது, பழைய வாடிக்கையாளர்களுக்கு ஓர் ஆண்டு மட்டுமே பழைய வசதிகள் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே அந்த முடிவை மாற்றிக்கொண்டது. சந்தாவுக்கு மாறும்போது, காசு கொடுத்தவர்களின் முக்கிய வசதிகளைப் பறிக்கக் கூடாது என்று ஆப்பிளின் விதியே சொல்கிறது. அப்படி நடந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நாம் எல்லோரும் வைத்திருக்கும் வாட்ஸ்அப்பின் கதையும் இங்கே பொருந்தும். ஆரம்பத்தில் ஐபோனில் அதை ஒரு டாலருக்கும் சற்றுக் குறைவான விலையில் ஒரே தடவை வாங்க வேண்டியிருந்தது. 2013ல் ஆண்டுச் சந்தாவானது. 2016 ஜனவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்று வணிக நிறுவனங்கள் அதன் வழியே செய்தி அனுப்பக் கட்டணம் கட்டுகின்றன. 2025ல் ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரம் கொண்டுவருவதாகவும் அறிவித்தார்கள். சர்வர் செலவு ஒருபோதும் மறையவில்லை. கட்டும் ஆள்தான் மாறினார்.

சுருக்கமாக, ஒரே தடவை கட்டணம் என்பது அந்தச் செயலி உயிரோடு இருக்கும் வரைக்கும்தான். ஐந்து வருடம் நன்றாக ஓடினாலே கொடுத்த காசுக்கு மேல் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான் எதற்குக் கொடுப்பேன்

பாட்டுக் கேட்கும் செயலிக்குக் கொடுப்பேன். லோரி ஓட்டுபவர்கள், மெமரி கார்டு நிறைய பழைய பாட்டும் பக்திப் பாட்டும் வைத்திருப்பவர்கள், பவர்ஆம்ப்பைப் பார்க்கலாம். 15 நாள் இலவசமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் ஒரே தடவை கட்டி முழுப் பதிப்பைத் திறக்கலாம். நெட் இல்லாமலே ஓடும்.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கி என்ற ஞாபக அட்டைச் செயலி நல்லது. சொற்களையும் சூத்திரங்களையும், மறந்துபோகும் நேரம் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்கும். ஐபோனில் 24.99 டாலர், முதலில் கேட்கும்போது கசக்கும். ஆனால் ஆண்ட்ராய்டில் அதே வேலையைச் செய்யும் ஆங்கிடிராய்டு முழுக்க இலவசம், தன்னார்வலர்கள் எழுதியது. ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு அதுவே போதும்.

நெட் இல்லாமல் ஓடும் அகராதி, மின்னூல் படிக்கும் செயலி, கோப்புகளை ஒழுங்குபடுத்தும் செயலி, படம் வரையும் செயலி இவையெல்லாம் கொடுக்கத் தகுந்தவை. "வாழ்நாள் முழுக்க" என்று சொல்லி விற்கும் இணையச் சேமிப்புக்கும், நம் நெட் இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன்னுக்கும் நான் கொடுக்க மாட்டேன். நூறு வெள்ளிக்கு ஆறு வருடம் ஏற்றிப் போகிறேன் என்ற வேன்காரர்தான் அது.

கட்டும் நாளில்

முதலில் இலவசப் பதிப்பை ஒரு மாதம் பயன்படுத்துங்கள். மாதம் முடிந்தும் கை தானாக அதைத் தேடிப் போகிறதா என்று பாருங்கள். பிறகு கடைப் பக்கத்தில், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற தேதியைப் பாருங்கள். இரண்டு மூன்று வருடமாக அசைவில்லை என்றால் யோசியுங்கள். செயலிக்குள் வாங்கும் பொருட்களின் விலையும் அங்கேயே இருக்கும். ஆப் ஸ்டோரில் ஒவ்வொன்றும் பெயரோடு வரும். பிளே ஸ்டோரில் குறைந்த விலையும் அதிக விலையும் மட்டும் இருக்கும். காசு கட்டும் திரையில், வாரத்துக்கு, மாதத்துக்கு என்ற சொல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது சந்தா.

கட்ட வங்கி அட்டைதான் வேண்டும் என்பதில்லை. பிளே ஸ்டோரில் டச் அண்ட் கோ மின்பணப்பையிலிருந்தும் கட்டலாம், டாப் அப் காசிலிருந்தும் கட்டலாம். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் சேவை வரி உண்டு. 6 விழுக்காடாக இருந்தது 2024 மார்ச் முதல் 8 ஆகிவிட்டது. வெளியே கேள்விப்பட்ட விலைக்கும் கட்டும் விலைக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வாங்கிய செயலி சரியில்லையா? பிளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் கூகளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு செயலிக்காரரைத்தான் தொடர்பு கொள்ள வேண்டும். ஆப்பிளில் வாங்கியதற்கு, சிக்கலைத் தெரிவிக்கும் பக்கம் ஒன்று தனியாக இருக்கிறது.

கடைசியாக, "முழுப் பதிப்பு சும்மா தர்றேன்" என்று வாட்ஸ்அப் குழுவில் வரும் ஏபிகே கோப்புகள். ஏபிகே என்பது பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாகச் செயலியை ஏற்றும் கோப்பு. திருமண அழைப்பிதழ் என்று சொல்லி ஏபிகே அனுப்பி, வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடியைப் பற்றி மலேசியக் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. பத்து ரிங்கிட் செயலியைச் சும்மா தருகிறேன் என்பவர் அனுப்புவதும் அதே வகைக் கோப்புதான். தெரியாமல் ஏற்றிவிட்டிருந்தால், உடனே நெட்டை அணைத்துவிட்டு, வேறு ஒரு கைப்பேசியிலிருந்து உங்கள் வங்கியையும், மோசடிப் புகார்களுக்கான 997 என்ற எண்ணையும் அழையுங்கள்.